இடப்பக்க இரைச்சல்

என் தலையில் டை பூசி ஆறப் போட்டிருக்கிறார் சலூன்கார ஏகாம்பரம். அரை மணி நேரம் ஆடக்கூடாது, சாயக்கூடாது, காதைத் தொடவே கூடாது. காது மடல் இரண்டிலும் வாசலின் அப்பியிருக்கிறது. கறை பிடித்தால் ஒரு வாரத்துக்குப் போகாது சார் என்று மாதாமாதம் சொல்வதை இன்றும் சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார். கண்ணாடியில் நாற்பத்து நாலு வயசு ஆள் ஒருவன், மண்டையில் கறுப்புச் சாந்து, கழுத்தில் துணி, மடியில் போன், என்னை முறைக்கிறான். அம்பத்தூரில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசர், கொரட்டூரில் வாடகை வீடு, மாடி அறைச் சுவர் முழுக்க எதிரொலி அடங்க முட்டை அட்டை ஒட்டி அதற்கு ஸ்டுடியோ என்று பெயர். இவன்தான் கசடு என்கிற ராக் குழுவில் பாதி. மறுபாதி யூனிஸ். கிட்டாரும் குரலும் அவள். இரும்பு, மோட்டார், சைரன், தகட்டில் பிரஸ் இறங்குகிற அடி, இதையெல்லாம் பதிந்து, வெட்டி, தாளமாக்கி, கடைசியில் எல்லாவற்றையும் கலந்து கட்டுகிறவன் நான். ஒன்பது வருஷம் உருட்டி எங்கள் முதல் ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளிவந்திருக்கிறது, ‘இரண்டாம் ஷிப்ட்’, எட்டுப் பாட்டு. இன்று ஞாயிறு. இரண்டு நாளாக ஜனங்கள் இணையத்தில் எங்கள் பக்கத்துக்கு வந்து கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஜனங்களுக்கு வேறு என்ன வேலை. அடுத்த ஞாயிறு எங்கள் முதல் மேடை, அதற்குத்தான் இந்தச் சாந்து. துருவைத் தாளமாக்குகிறவனுக்கு நரை பொருத்தம்தானே என்று யூனிஸ் கேட்பாள். கேட்கட்டும். இப்போதைக்கு அவள் என்னோடு பேசுவதில்லை.

முதல் கருத்து ஆல்பம் ஏறின சூட்டோடு வந்தது. சூப்பர் ப்ரோ, வேற லெவல். முதல் பாட்டு ‘லஞ்ச் பெல்’ மட்டுமே ஏழு நிமிஷம், அதில் முதல் ஒரு நிமிஷம் வெறும் கம்ப்ரசர் மூச்சு வாங்குவது, இவன் அதற்குள் எந்த லெவலைக் கண்டான்? இவன் கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்கு முன்பே சாம்பார் பிரமாதம் என்பவன். அடுத்தவன், மெலடி ஒன்று கூட இல்லையே அண்ணா என்கிறான். உனக்கு மெலடிதான் வேண்டுமென்றால் ஏகாம்பரத்தின் டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறதே, மழையில் நனைந்துகொண்டு இருவர் மரத்தைச் சுற்றுகிறார்களே, இங்கே வந்து உட்கார், ஓசியில் ஷேவிங்கும் பண்ணிவிடச் சொல்கிறேன். இன்னொருத்தன் இதையெல்லாம் வெளிநாட்டுக்காரன் முப்பது வருஷத்துக்கு முன்னாடியே பண்ணிட்டான் என்கிறான். வெளிநாட்டுக்காரன் இட்லியும் அவித்துப் பார்த்திருப்பான், அதனால் நீ இட்லி தின்பதை விட்டுவிட்டாயா? வேறொருத்தன் ‘அம்மாவின் மிக்ஸி’ பாட்டிலிருந்து பதினைந்து விநாடி ரிங்டோனாகக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான். அவனைக் கூட மன்னித்துவிடலாம், அவன் ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறான். ஒரு அம்மாள் வரிகள் புரியவில்லை, வாயைத் திறந்து பாடச் சொல்லுங்கள் என்கிறார். பாட்டு வாத்தியார் மாதிரி. இன்னொருவர் வீட்டில் இந்த ஆல்பம் ஓடியபோது கீழ்வீட்டுக்காரர் வந்து தண்ணீர் மோட்டார் பேரிங் போய்விட்டது, ஆளைக் கூப்பிடட்டுமா என்றாராம். அதை நகைச்சுவை என்று நினைத்து எழுதியிருக்கிறார், சிரிப்புப் பொம்மை நாலு போட்டு. மூன்றாவது பாட்டில் இருப்பது பேரிங் போன மோட்டார்தான். கீழ்வீட்டுக்காரருக்கு இருக்கிற காது மேல்வீட்டுக்காரருக்கு இல்லை. ஆனால் கீழ்வீட்டுக்காரர்கள் கருத்து எழுதுவதில்லை.

நான் தேடுவது இதில் எதையும் இல்லை. புகழையும் தேடவில்லை, திட்டையும் தேடவில்லை. இடது என்ற ஒரு சொல் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லாமல் இருக்க வேண்டும் என்று பார்க்கிறேன். கடைசிக் கலவை முடிந்த அன்று யூனிஸ் முட்டை அட்டைச் சுவரில் சாய்ந்து எட்டுப் பாட்டையும் கேட்டாள். கேட்டு முடித்து ஹெட்ஃபோனைக் கழற்றி ஒயரைச் சுருட்டி மடியில் வைத்தாள். பிறகு, “இடது பக்கம் கத்துது தென்னவா. என் கிட்டார் வலது மூலையில உக்காந்து முனகுது,” என்றாள். அது அப்படித்தான், தொழிற்சாலைக்குள் நுழைந்தால் மிஷின் முதலில், மனுஷன் அப்புறம், என்று நான் விளக்கினேன். விளக்கம் எனக்கே பிடித்திருந்தது. அவள் தலையை ஆட்டினாள். “அது கருத்து. நான் சொல்றது காது. உனக்கு அந்தக் காது மந்தமாயிடுச்சு. அந்தப் பக்கம் உக்காந்து நான் பேசினா நீ திரும்பறதே இல்ல.” சர்ச் கொயரில் கை தட்டிப் பாடி வளர்ந்த காதெல்லாம் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன், அதற்கு மேலும் ரெண்டு சொன்னேன், அதை இங்கே சொல்ல வேண்டாம். அவள் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பெரம்பூர் ஸ்கூலில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற மியூசிக் டீச்சர், அந்தப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில் பேசினாள். “சரி, போடு. கேக்கறவங்க சொல்லட்டும். ஒருத்தரும் இடது பக்கத்தப் பத்திப் பேசலன்னா நான் மேடைக்கு வர்றேன், நீ எப்படிக் கலந்தாலும் பாடறேன். பேசினாங்கன்னா நீ போய் காதக் காட்டணும், கலக்கற வேலைய வேற ஆளுக்கு விடணும். முடியாதுன்னா வேற கிட்டார் பாத்துக்க.” உடனே ஒத்துக்கொண்டேன். எந்தத் தைரியத்தில் என்றால், கேட்கிறவர்கள் மேல் எனக்கு இருந்த இளக்காரத்தின் தைரியத்தில்தான். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேட்பவன், பாத்திரம் விளக்கிக்கொண்டு கேட்பவன், போனைச் செம்புக்குள் போட்டுச் சத்தத்தைப் பெரிசாக்கிக் கேட்பவன், இவர்களுக்கு இடது ஏது வலது ஏது?

நேற்று மத்தியானம் வரைக்கும் என் இளக்காரம் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் ஒருத்தன் வந்தான். படத்தில் புல்லட் வண்டி மேல் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறான். என் ரைட் இயர்போன் அவுட்டுன்னு நெனச்சேன், பாட்டே அப்படித்தானா? அவ்வளவுதான் கருத்து. சிரித்தேன். தெருவோரத்தில் குவித்து வைத்து விற்கிற இயர்போன் வாங்கினால் ரைட்டும் அவுட்டாகும் லெஃப்டும் அவுட்டாகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனெல்லாம் கணக்கில் சேரமாட்டான். மேலும் இவன் இடது என்று சொல்லவில்லை, ரைட் என்றுதான் சொல்லியிருக்கிறான். ஒப்பந்தம் இடது பக்கத்தைப் பற்றியது. யூனிஸ் இதைப் படித்திருப்பாளா? படித்திருந்தால் இந்நேரம் ஒரு வார்த்தை அனுப்பியிருப்பாள். அல்லது படித்துவிட்டுத்தான் சும்மா இருக்கிறாளா? நான் இவர்களுக்காகவா ராத்திரி பகலாக ஒரு பிரஸ் அடியை எட்டுத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு எதிரொலி வைத்தேன்? எல்லாம் செவிடன் காதில் ஊதின, செவிடன், இல்லை, அந்தப் பழமொழி வேண்டாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. இது போதும். கற்பூரம், கழுதை, மூக்கு சம்பந்தப்பட்டது. காது வராத பழமொழியாகப் பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது என் மண்டைக்குள்ளேயே. டை அரிக்கிறது. நெற்றி ஓரத்தில் ஒரு துளி இறங்கப் பார்க்கிறது, துடைத்தால் விரலில் ஒட்டும். இருக்கட்டும்.

என் காதுக்கு என்ன? இந்தக் கடையில் இப்போது என்னென்ன கேட்கிறது என்று வரிசையாகச் சொல்லட்டுமா? வலப்பக்க நாற்காலியில் ஏகாம்பரத்தின் கத்தரி, கொஞ்சம் எண்ணெய் கேட்கிற கத்தரி, மூடும்போது மட்டும் சிணுங்குகிறது. மேலே மின்விசிறி, சுற்றுக்கு ஒரு தரம் டக் என்கிறது. டிவியில் மழைப் பாட்டு போய் இப்போது புடவைக்கடை விளம்பரம். வெளியே டீக்கடையில் கரண்டியால் பாய்லரைத் தட்டுகிறான். தண்டவாளத்தில் மின்ரயில், ஆவடிப் பக்கம் போவது, அரக்கோணம் வண்டியாக இருக்கலாம். இத்தனையும் கேட்கிறது. இந்த ஊரில் எவன் இப்படிக் கேட்பான்? இடப்பக்க நாற்காலியில் பெரியவர் ஒருவருக்கு ஏகாம்பரத்தின் தம்பி முகம் மழிக்கிறார், கத்தி தாடையில் இறங்கி ஏறுகிறது, நரைமுள் தெறிப்பது கண்ணாடியில் தெரிகிறது. சத்தம் இல்லை. புது பிளேடு போலிருக்கிறது. புது பிளேடு சத்தம் போடாது. வருஷா வருஷம் கம்பெனிக்கு மெடிக்கல் வேன் வருகிறதே, பிரஸ் ஷாப் ஆட்கள் எல்லாருக்கும் காது சோதிப்பார்களே, நான் ஒரு தடவையாவது தவறியிருக்கிறேனா? கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, பீப் என்று கேட்டால் அழுத்துங்கள் என்பாள் அந்தப் பெண். எங்கள் ஆட்கள் பயந்து சாவார்கள். எனக்கு அது விளையாட்டு. அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே அவளுக்கு ஒரு தாளம் உண்டு. பீப், ஒரு மூச்சு, பீப், ஒரு மூச்சு, மூன்றாவதுக்குக் கொஞ்சம் நிதானிப்பாள், மறுபடி பீப். வலது காதில் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், இடது காதுக்கு மாற்றும்போது அதே நடையில் அழுத்திக்கொண்டே போகலாம். பத்துக்கு ஒன்பது சரியாக விழும். நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். தாளக்காரனை எவன் சோதிக்க முடியும்? போன வருஷம் வெளியே வந்து கேன்டீனில் டீ குடிக்கும்போது கூட எனக்குள் அப்படி ஒரு பெருமை. இப்போது இந்தச் சாந்துக்குள் உட்கார்ந்து யோசித்தால் ஒன்று இடறுகிறது. வலது காதுக்கு நான் தாளம் எண்ணவில்லை. கேட்டேன், அழுத்தினேன். இடது காதுக்கு எதற்காக எண்ணினேன்? சும்மா. விளையாட்டுக்கு. திறமை இருக்கிறவன் விளையாடுவான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

போன் மடியில் அதிர்கிறது. யூனிஸ். “படிச்சியா?” ஒரே சொல். எதைப் படித்தேனா என்று கேட்கிறாள்? பதில் போடாமல் எங்கள் பக்கத்தைத் திறக்கிறேன், புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது. டொரான்டோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நல்லாயிருக்குது, கனநாளைக்குப் பிறகு தமிழிலை இப்பிடி ஒண்டு கேக்கிறன். ஆனா இடப்பக்கம் சத்தம் கூடிப்போச்சு, ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்? மரியாதையாக வேறு கேட்டுத் தொலைக்கிறார். திட்டியிருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். இவரை என்ன சொல்லி ஒதுக்குவது? குளிர் ஊர், காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டிருப்பார், ஒரு பக்கம் இறுகியிருக்கும். கனடாக்காரனுக்கு பிரஸ் ஷாப்பைப் பற்றி என்ன தெரியும். தெரியாமல் இருக்குமா? அங்கே போனவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலையில்தான் ராப்பகலாக நின்றார்கள். எங்கள் கம்பெனித் தங்கவேலு அண்ணனும் இப்படித்தான் மரியாதையாகக் கேட்பார், என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க என்று. முப்பது வருஷம் பெரிய பிரஸ்ஸில் நின்றவர். கடைசி வருஷங்களில் அவரிடம் யாரும் பேசுவதில்லை, கையால் சைகை காட்டுவார்கள், வாயசைத்து ஒன்றைச் சொல்லி முகத்தால் வேறொன்றைக் காட்டுவார்கள், அவர் சிரித்துத் தலையாட்டுவார், சுற்றி நின்று நாங்கள் சிரிப்போம். நானும்தான். அவர் வீட்டுக்குப் போனபோது அவர் சம்சாரம் ஒரு டம்ளரை மேஜையில் ணங்கென்று வைத்துக் காபி என்று காட்டினார், கூப்பிடவே இல்லை. அவருக்குப் பாட்டு என்று ஒன்று கிடையாது, அதனால் அவருக்கு நஷ்டம் இல்லை. நான் அப்படியா? என்னிடமிருந்து சத்தத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, டை அடித்த ஒரு சூப்பர்வைசர். பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன், பயமாகத்தான் இருக்கிறது. காதைத் தொட்டுப் பார்க்கலாம் என்றால் வாசலின். இயர்போன் சட்டைப் பையில் சுருண்டு கிடக்கிறது, எடுத்து இடது காதில் மட்டும் மாட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். டை ஆறட்டும். கறை பட்டால் ஒரு வாரம் போகாது. ஏகாம்பரம் சொல்லியிருக்கிறார் இல்லையா.

நல்லவேளை, கீழே முனைவர் இருக்கிறார். முனைவர் வடிவேற்கரசன், எந்தக் கல்லூரியோ, கருத்து என்று பெயர் வைத்து ஒரு கட்டுரையே இறக்கியிருக்கிறார். ஆரம்பத்தில் அந்நியமாதல், உழைப்பின் உடல், ஓலத்தின் அழகியல் என்றெல்லாம் வருகிறது. வழக்கமாக இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். ஒரு ஷிப்ட் நின்று பார்த்திருக்க மாட்டார், கையுறை கழற்றினால் விரல் எப்படி நாறும் என்று தெரியாது, ஓவர்டைம் பற்றி ஒரு புத்தகம் போட்டிருப்பார். ஆனால் நாலாவது பத்தியில் மனுஷன் எழுதுகிறார், இந்த ஆல்பம் முழுவதும் இடதுபுறத்திலிருந்தே இயந்திரத்தின் ஆவேசம் எழுவது தற்செயல் அன்று, அது ஓர் அரசியல் நிலைப்பாடு, வலதுபுறம் ஒடுங்கி ஒலிக்கும் பெண்குரல் வலதின் வறுமையைச் சுட்டுகிறது. ஆகா. வாய்விட்டுப் படிக்கிறேன் போலிருக்கிறது, ஏகாம்பரம் திரும்பிப் பார்க்கிறார். இதுவல்லவா கேட்பு! நான் நினைக்காததையும் கேட்டிருக்கிறார். இவர் இடது என்று சொல்லியிருக்கிறார்தான், ஆனால் குறையாகச் சொல்லவில்லையே, கொள்கையாக அல்லவா சொல்லியிருக்கிறார். யூனிஸுக்கு அனுப்பலாமா? அனுப்பினால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், மூக்கால் ஒரு ஊது, அவ்வளவுதான், அதில் நானும் முனைவரும் முனைவரின் கல்லூரியும் சேர்ந்து பறந்துவிடுவோம். வலதின் வறுமை என்று அவள் கிட்டாரைச் சொன்னால் சும்மா விடுவாளா? ‘லஞ்ச் பெல்’ பாட்டில் அவள் ஒரு வாரம் உட்கார்ந்து வாசித்த இடம் ஒன்று இருக்கிறது, விரல் நுனி கொப்புளித்து டேப் சுற்றிக்கொண்டு வாசித்தாள். அது வறுமையா? வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கலந்து முடித்தபின் அந்த இடம் எங்கே போனது? கலக்கும்போது மிஷின் போதவில்லை போதவில்லை என்று இடப்பக்கம் ஏற்றிக்கொண்டே போனேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. போதவே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு வழியாகப் போதும் என்று பட்டது.

புல்லட்காரன் மறுபடி வந்திருக்கிறான். வேலையற்றவன், புது இயர்போன் வாங்கிவிட்டானாம். ப்ரோ புதுசுலயும் அப்படியே இருக்கு, லெஃப்ட்டு மண்டைய பொளக்குது, மிக்ஸ் பண்ணவர் காது கேக்காதவரா? அதற்குக் கீழே மூன்று பேர் ஆமாம் ப்ரோ, எனக்கும் ப்ரோ, நானும் சொல்லலாம்னு நெனச்சேன் ப்ரோ என்று வரிசை கட்டியிருக்கிறார்கள். நினைத்தவன் வெள்ளிக்கிழமையே சொல்லித் தொலைத்திருக்க வேண்டியதுதானே. மந்தை. ஒருத்தன் கனைத்தால் எல்லாம் கனைக்கும். ஆனால் மந்தை என்றால் இந்த மூன்று பேர் கேட்டது பொய் என்றாகிவிடுமா? டொரான்டோக்காரர் புல்லட்காரனைப் படித்துவிட்டா எழுதினார்? யூனிஸ் இவர்கள் யாரையும் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாளே. முனைவரும் கேட்டிருக்கிறார், கேட்டதற்கு ஒரு பட்டம் சூட்டியிருக்கிறார், அவ்வளவே வித்தியாசம். எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. பஸ்ஸில் தொங்குகிறவனுக்கும் கேட்டிருக்கிறது. ஏகாம்பரம் வந்துவிட்டார், தலையைத் தொட்டிக்குள் குனியச் சொல்லி அலசுகிறார், கறுப்புத் தண்ணீர் ஓடி வெளுக்கிறது, துண்டால் துவட்டுகிறார், பஞ்சால் வாசலினை வழித்துக் காதைத் துடைத்துவிடுகிறார், முதலில் வலது, பிறகு இடது. பத்து வயசு குறைஞ்சிடுச்சு சார் என்கிறார். எல்லாரிடமும் சொல்வது. இனிமேல் சாக்கு ஒன்றும் இல்லை.

இயர்போனை எடுக்கிறேன். இடது குமிழை இடது காதில் செருகுகிறேன், வலது குமிழ் மார்பில் தொங்கட்டும். ‘லஞ்ச் பெல்’. கம்ப்ரசர் எங்கோ அடுத்த தெருவில் மூச்சு விடுகிறது. சத்தம் கம்மியாக வைத்திருக்கிறேன் போலிருக்கிறது, ஏற்றுகிறேன். இன்னும் கொஞ்சம். போனில் ஏதோ எச்சரிக்கை வருகிறது, இதற்கு மேல் காதுக்கு நல்லதல்ல என்று, அது எல்லாருக்கும் வருவது, தள்ளிவிட்டு ஏற்றுகிறேன். ஆ, வந்துவிட்டது. பிரஸ் இறங்குகிறது, சீராக, கனமாக, எங்கும் பிசிறில்லாமல், உறுத்தலே இல்லாமல். கேட்கிறதே! நன்றாகக் கேட்கிறதே! எந்தப் பயல் கத்துகிறது என்றான்? இது கத்தலா, இது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. இதற்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கச் செத்துப் பிழைத்தேன். முட்டாள்கள், நல்ல காதுக்காரனையே சந்தேகப்பட வைத்துவிடுவார்கள். சந்தோஷத்தில் கண்ணை மூடித் தலையை ஆட்டுகிறேன், விரலால் நாற்காலிக் கையில் தாளம் போடுகிறேன். யூனிஸுக்கு என்ன எழுதுவது என்று வாசகம் கூட ஓடுகிறது. கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் கடை முழுக்க என்னைப் பார்க்கிறது. பெரியவர் பாதி நுரையோடு கழுத்தைத் திருப்பியிருக்கிறார். தம்பி கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். பெஞ்சில் முறைக்குக் காத்திருக்கிறவர்கள் பேப்பரை இறக்கிவிட்டார்கள். ஏகாம்பரத்தின் வாய் அசைகிறது. அவர் சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து குனிகிறார்.

“சார், சத்தத்த கொறைங்க. டீக்கடைல இருக்கறவங்கெல்லாம் திரும்பிப் பாக்கறாங்க.”

தலையாட்டுகிறேன். குறைக்காமல், தொங்குகிற வலது குமிழை எடுத்து வலது காதுப் பக்கம் கொண்டுபோகிறேன். செருகக்கூட இல்லை, கிட்டே கொண்டுபோனதுதான், கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. தூக்கிவாரிப் போட்டுக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன். தள்ளிப் பிடித்தும் கேட்கிறது. அது யூனிஸின் கிட்டார். நான் மூலைக்குத் தள்ளி, அமுக்கி, ஒடுக்கி வைத்த கிட்டார், அதுவே இவ்வளவு சத்தமாக இருக்கிறது என்றால் இடப்பக்கம் இந்த ஜனங்களின் மண்டையில் எப்படி இறங்கியிருக்கும். அந்த இடம் வருகிறது, அவள் டேப் சுற்றிய விரலோடு வாசித்த இடம், ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாக. எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறாள் பாவி. நிறுத்துகிறேன். கடையில் மறுபடி புடவை விளம்பரம், மின்விசிறி, கத்தரி. எல்லாம் வலப்பக்கம். இடப்பக்கம் பெரியவர் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், தோள் குலுங்குகிறது. வெட்கமாக இருக்கிறது, துக்கமாகவும் இருக்கிறது, இரண்டையும் இந்தப் பெஞ்சுக்காரர்கள் முன்னால் காட்ட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாகவும் இருக்கிறது. எங்கள் பக்கத்தைத் திறக்கிறேன். குழுவின் பெயரில் அல்ல, என் சொந்தப் பெயரில், ஊரில் எவனுக்கும் தெரியாத தென்னவன் என்ற பெயரில், டொரான்டோக்காரருக்கும் புல்லட்காரனுக்கும் கீழே போய் நின்று அடிக்கிறேன். இடது பக்கம் சத்தம் ரொம்ப அதிகம். கிட்டார் கேட்கவே இல்லை. அனுப்பிவிட்டு ஏகாம்பரத்துக்குக் கணக்குத் தீர்த்து வெளியே வருகிறேன், டீக்கடைக்காரன் என் தலையைப் பார்க்கிறானா காதைப் பார்க்கிறானா தெரியவில்லை. செருப்பை மாட்டுவதற்குள் போன் அதிர்கிறது. என் கருத்துக்கு ஒரு பதில். முனைவர் வடிவேற்கரசன். தோழர், குறை பாட்டில் இல்லை, உங்கள் செவியில் இருக்கக்கூடும், முதலில் ஒரு நல்ல காது மருத்துவரைப் பாருங்கள். இரண்டு நாளாக வந்து குவிந்த இத்தனை கருத்துகளில் என்னைப் பற்றி உருப்படியாக எழுதப்பட்டது இது ஒன்றுதான். அதற்கு ஒரு லைக் போட்டு, அப்படியே யூனிஸுக்கு அனுப்புகிறேன்.